கேளுங்க சொல்றோம்: நண்டா, கெணத்துத் தண்ணியா?

கேள்வி: ஐராவதி டெல்டா பக்கம் மாமியார் வீட்ல ஒரு மாசம் இருந்தேன், அங்க எல்லாரும் குழாய்க்கிணறு தண்ணிதான் குடிக்கிறாங்க. அதுல ஆர்சனிக் இருக்கும்னு பயமுறுத்துனாங்க, ரங்கூன் வந்ததும் யூரின் டெஸ்ட் எடுத்தா நம்பர் அதிகமா இருக்கு. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மெஷின், தப்பே வராதுங்கிறாங்க. முந்தின நாள் நண்டும் இறாலும் சாப்பிட்டேன், அதனால இருக்குமா?

பதில்: அந்த நண்டைப் பத்தி டெஸ்டுக்கு முன்னாடியே உங்ககிட்ட கேட்டிருக்கணும்! அந்த மெஷின்ல யூரினைக் கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் கலந்த தண்ணியில கரைச்சு, பனி மாதிரி தூவி ஆர்கான் பிளாஸ்மாக்குள்ள, அதாவது கொதிக்கக் கொதிக்க சூடாக்கி சார்ஜ் ஏத்தின ஆர்கான் வாயுக்குள்ள விடுவாங்க, சூரியனோட மேற்பரப்பை விட சூடு அது, உள்ள போன எதுவா இருந்தாலும் அணு அணுவா பிரிஞ்சு சார்ஜ் ஏறிடும், அப்புறம் எடை பாத்து எண்ணுறதுதான் வேலை. ஆர்சனிக் அணுவோட எடை 75. கெணத்துல இருந்து வர்ற விஷ ஆர்சனிக்கும் 75, கடல் நண்டுல இருக்கிற ஆர்சனோபீட்டைன், அது பெருசா கெடுதல் பண்ணாம ரெண்டு மூணு நாள்ல யூரின்ல போயிடும், அதுவும் உடைஞ்சா அதே 75 தான். மெஷின் சரியாத்தான் எண்ணிருக்கு, ஆனா எது எங்கருந்து வந்துச்சுன்னு அதுக்கெப்படித் தெரியும்?

இன்னொரு கூத்தும் இருக்கு. யூரின்ல உப்பு இருக்கே, அதுல உள்ள குளோரின் 35, பிளாஸ்மால இருக்கிற ஆர்கான் 40, ரெண்டும் ஒட்டிக்கிட்டா அதுவும் 75! ஹீலியம் வாயுவை விட்டு அதை வடிகட்டுவாங்க, நல்ல லேப்னா இது வழக்கமா நடக்கிறதுதான்.

அஞ்சு நாள் கடல் மீன், நண்டு, இறால் எதுவும் வேணாம், ஙப்பியும் (மீன், இறால் புளிக்க வச்ச விழுது) சேத்துத்தான், கஷ்டம்தான் என்ன பண்றது, அப்புறம் திரும்பக் குடுங்க. ஆர்சனிக்கை வகை வகையா பிரிச்சுப் பாக்க முடியுமான்னும் கேளுங்க. அப்பவும் பத்தியம் இருங்க, ஏன்னா கடல் சாப்பாட்டுல இருக்கிற சிலது உடம்புக்குள்ள மாறி விஷ ஆர்சனிக் விட்டுப்போற மிச்சம் மாதிரியே வெளிய வரும்.

அதுக்காக கெணத்துத் தண்ணி மேல இருக்கிற சந்தேகத்தை விட்றாதீங்க, ஐராவதி டெல்டா நிலத்தடி நீர்ல ஆர்சனிக் இருக்கிறது உண்மைதான். தண்ணியையே டெஸ்டுக்குக் குடுங்க, லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காய்ச்சினா போகாது, தண்ணி வத்த வத்த மிச்சத்துல கூடத்தான் செய்யும். அதுவரைக்கும் மாமியார்கிட்ட மழைத்தண்ணியைச் சாடியில பிடிச்சு வச்சுக் குடிக்கச் சொல்லுங்க.

கேள்வி: ரத்தத்துல சிங்க் (துத்தநாகம்) பாக்க ஏன் தனி டியூப்?

பதில்: சாதா டியூபோட ரப்பர் மூடியில இருந்தே சிங்க் கசியும், அதான் அப்படிக் கசியாத கருநீல மூடி டியூப். ரத்த அணு உடைஞ்சாலும் அதுக்குள்ள இருக்கிற சிங்க் வெளிய வந்து நம்பரை ஏத்திடும்.