எடுத்துக்காட்டு கணக்கு புரியுது, ஆனா மாத்திக் கேட்டா போட வரலையே, ஏன்?

நீங்க பிளஸ் ஒன் பிசிக்ஸ் படிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். போர்டுல போடும்போது புரியுது, தனியா உக்காந்தா வரலன்னு கேட்டிருக்கீங்க. உங்களுக்கு மண்டையில ஏறாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பல வருஷமா டியூஷன் எடுக்கிறேன், அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு கோவம் வரும்.

என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, உராய்வு இல்லாத சாய்தளத்துல ஹெச் உயரத்துலேர்ந்து கட்டை வழுக்கி வந்தா கீழ வேகம் ரூட் 2ஜிஹெச் (ஜின்னா புவியீர்ப்பு முடுக்கம்)னு டக்குனு போட்டுரும். அதே உயரத்துலேர்ந்து விட்ட ஊசல் குண்டு அடியில வரும்போது என்ன வேகம்னு கேட்டா, "சார் ஊசல் இன்னும் நடத்தலயே"ன்னுச்சு. அதுக்குத் தெரிஞ்சது கட்டையும் குண்டும்தான். எனக்கு ரெண்டுலயும் நிலை ஆற்றல் இயக்க ஆற்றலா மாறுறது தெரியுது. 1981ல மிச்செலின் சீங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு அமெரிக்காவுல 24 பிசிக்ஸ் கணக்க வகை பிரிக்கச் சொன்னப்பவும் இப்படித்தான், புதுசா படிக்கிறவங்க சாய்தளம், ஸ்பிரிங்னு பிரிச்சாங்க, பிஎச்டி பண்றவங்க ஆற்றல் மாறா விதி, நியூட்டன் விதின்னு பிரிச்சாங்க.

அந்தப் பொண்ண புதுக் கணக்கு எதுவும் போடாம, போட்டு வெச்ச கணக்குல ஒவ்வொரு வரி பக்கத்துலயும் 'இது ஏன்'னு எழுதச் சொன்னேன். முதல்ல ரொம்ப சலிச்சுக்கிச்சு. அப்புறம் பாய்மங்கள் பாடத்துல, தொட்டியில ஓட்டை போட்டா தண்ணி வர்ற வேகம் வந்தப்ப நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள "சார் இதுவும் அந்தக் கட்டைதானே"ன்னு கேட்டுச்சு. அதுக்குப் பேரு டாரிசெல்லி விதி, ஓட்டைக்கு மேல தண்ணி நிக்கிற உயரம்தான் ஹெச், அங்கயும் வேகம் ரூட் 2ஜிஹெச்தான்!

மனப்பாடம் பண்ணச் சொல்றேன்னு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு போட்டுக் காட்டின கணக்கு நல்லா உதவும்னு ஸ்வெல்லர், கூப்பர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1985லயே அல்ஜீப்ரா வெச்சு காட்டியிருக்காங்க. நல்லா தெரிஞ்சவங்களுக்கு அதே உதாரணம் இடைஞ்சல், அவங்க நேரா கணக்குல இறங்கலாம்.

இன்னொன்னு, நான் முன்ன வேலை பார்த்த ஸ்கூல்ல பிராக்டிகல் பரீட்சை வரைக்கும் லேப் பூட்டியே கிடக்கும். ஊசலைக் கையால தொடாத புள்ளைங்க கிட்ட போய் ஊசல் கணக்கு போடுன்னா எப்படிங்க? கேட்டதுக்கு சிலபஸ முடிங்கன்னாங்க. இன்னும் ஆறல எனக்கு.

நீங்க ஒரே விதியில வர்ற, போட்டுக் காட்டின மூணு கணக்க எடுங்க. முதல்ல முழுசா ஏன் ஏன்னு எழுதுங்க, ரெண்டாவதுல கடைசி வரிய மறைச்சுட்டு போடுங்க, மூணாவதுல பாதிய மறைங்க. எங்க நிக்குதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, பார்க்கிறேன்.