ஒரு முறை மறுத்துப் பேசியபிறகு

ஐயா, வணக்கம்.

ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அதை ஆரம்பித்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கிழித்த கோட்டை நான் தாண்டியதே இல்லை. போன மாதக் கூட்டத்தில், ஒரே நேரத்தில் இரண்டு கிளைகள் திறக்கலாம் என்றார். ஆளும் போதாது, பணமும் போதாது, ஒன்றைத் தள்ளிப்போடலாம் என்று சொன்னேன். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உடன் இருப்பவர்களும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். நான் செய்தது துரோகமா? இனி வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நல்லதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

துரோகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 'அவர் கிழித்த கோட்டை நான் தாண்டியதே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

ஒன்பது வருடம் தலையாட்டியிருக்கிறீர்கள். அன்பினால்தான் ஆட்டினீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர். ஆமாம் போட்டால் நம்மோடு இருக்கிறார் என்று அவரும் அதற்குப் பழகிப்போயிருப்பார். அதனால் நீங்கள் முதல்முறையாக மறுத்தபோது, கிளைக் கணக்கு எதுவும் அவர் காதில் ஏறியிருக்காது. ஆர். நம்மை விட்டுப் போய்விட்டார் என்றுதான் கேட்டிருக்கும். அதுவும் எல்லோர் முன்னாலும். தலைவரின் காது அடைத்துப்போவதில் கூட இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

இனி பேசாமல் இருக்கலாமா என்று கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த கேனரி தீவுகளில் தெனரீஃப் விமான நிலையம். ஓடுபாதை முழுக்க மூடுபனி. அதே ஓடுபாதையில் இன்னொரு விமானமும் ஊர்ந்துகொண்டிருந்தது. கிளம்பக் காத்திருந்தது நெதர்லாந்து நிறுவனமான கேஎல்எம்மின் விமானம். அதன் கேப்டன் மிக மூத்தவர், நிறுவனத்தின் விளம்பரத்திலேயே வந்த முகம். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு அந்த ரக விமானத்தில் சோதனை வைத்துத் தேர்ச்சி கொடுத்ததே அவர்தான். கேப்டன் விமானத்தைக் கிளப்பப் பார்த்ததும், இன்னும் அனுமதி வரவில்லையே என்றார் துணை விமானி. தெரியும், கேளுங்கள் என்று கேப்டன் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், பறந்தபின் எந்த வழியில் போவது என்பதற்கான அனுமதி மட்டும் வந்தது. கிளம்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. இம்முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் இருந்த பொறியாளருக்கு ரேடியோவில் கேட்டது உறுத்தியது. "அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?" என்றார். விலகிவிட்டது என்று கேப்டனிடமிருந்து அழுத்தமாகப் பதில் வந்தது. அவரும் அதோடு விட்டுவிட்டார். சில விநாடிகளில் மோதல். இரண்டு விமானத்திலும் சேர்த்து 583 பேர் இறந்தார்கள்.

என் மனது அந்தத் துணை விமானியிடமே போகிறது. அவர் கோழை இல்லை, சற்றுமுன்தான் துணிந்து பேசியவர். மறுப்பதற்கு ஒரு தடவைதான் நமக்கு உரிமை, மறுபடி சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் என்று நாமெல்லாம் நினைக்கிறோமே, அந்த இரண்டாவது மௌனத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதன்பிறகான வருடங்களில் விமானிகளுக்கான பயிற்சியே மாறியது. துணை விமானி துணிந்து சொல்ல வேண்டும், கேப்டன் அவரைச் சொல்லவிட வேண்டும் என்பது பாடமாகவே ஆனது.

நானும் ஒரு சங்கத்தில் கொஞ்ச காலம் செயலாளராக இருந்தேன். கணக்குப் பார்க்கும் பெண் ஒருநாள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, "சார், இதில் ரெண்டு ரசீது இடிக்குது" என்றார். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே "அப்புறம் பார்க்கலாம்மா" என்றேன். திட்டவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு எந்தக் குறையையும் அவர் என்னிடம் கொண்டுவரவே இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நானும் வருடக் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணனைத் தனியாகப் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். கூட்டத்துக்கு முன்பே அவரிடம் வந்து சொல்லாததற்குக் கேளுங்கள், அது உங்கள் பக்கக் குறைதான். அப்புறம் கணக்கை எடுத்து வையுங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது என்று. அதே கருத்தை மறுபடியும் சொல்லுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் இரண்டையும் திறப்போம் என்றால், சரி, இறங்கி வேலை செய்யுங்கள். இது அபிப்பிராய பேதம்தான், யாரையும் ஏமாற்றுகிற காரியம் இல்லை. நாளைக்குச் சம்பளமே நின்றுபோகும் நிலை வந்தால் மூன்றாம் முறையும் சொல்லுங்கள்.

ஒன்பது வருடம் ஆனவருக்குக் கீழேயும் சிலர் இருப்பார்கள். 'இது சரிவராது' என்று அவர்களில் யார் கடைசியாக உங்களிடம் சொன்னார்? அப்போது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.