அச்சு நின்ற மாத இதழ்: மீதிச் சந்தாவும் பழைய இதழ்களும்

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் மாத இதழ் ஒன்றுக்கு, 24 இதழ்களுக்கு 2,400 ரூபாய் சந்தா கட்டினேன். 13 வந்தன. இப்போது அச்சை நிறுத்திவிட்டு, மீதிக்கு டிஜிட்டல் பதிப்பு தருவதாகச் சொல்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? தரைத்தள வீட்டில் இரும்பு ரேக் நிறைய இருக்கும் இருபது வருட இதழ்களை என்ன செய்வது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். நீங்கள் காசு கட்டியது அச்சு இதழுக்கு. முடிவெடுக்கும்வரை டிஜிட்டல் பதிப்பில் லாக்-இன் செய்யாதீர்கள். படிக்கத் தொடங்கிவிட்டால், மாற்றை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவர்கள் வாதிட இடம் கிடைத்துவிடும். டிஜிட்டலை நம்பி உட்காரவும் முடியாது. 1872-ல் தொடங்கிய அமெரிக்காவின் 'பாப்புலர் சயன்ஸ்' 2021-ல் அச்சை விட்டு டிஜிட்டலுக்குப் போனது, 2023-ல் அந்த டிஜிட்டல் இதழையும் நிறுத்திவிட்டது. வாங்குவதானால் மாதாமாதம் பிடிஎஃப் இறக்கி வைத்துக்கொள்ள விடும் சந்தாவாகப் பார்த்து வாங்குங்கள். ஆப்புக்குள் மட்டுமே திறக்கும் இதழ், ஆப் மூடப்படும் அன்றே போய்விடும்.

யூபிஐ ஆட்டோபேயில் சந்தா புதுப்பிக்க ஒப்புதல் கொடுத்திருந்தால் அதை இன்றே ரத்து செய்யுங்கள். பிறகு மின்னஞ்சல் ஒன்று, ஸ்பீடு போஸ்ட் கடிதம் ஒன்று. (பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது.) சந்தா எண், பணம் கட்டிய தேதி, கடைசியாக வந்த இதழின் மாதம், வராதவை 11, கேட்கும் தொகை, 15 நாள் கெடு ஆகியவை அதில் இருக்க வேண்டும். போனில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள், பின்னால் காட்ட எதுவும் இருக்காது.

தொகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் கட்டியது இதழுக்கு 100 ரூபாய், ஆகவே மீதி 1,100. சிலர் வந்துசேர்ந்த இதழ்களை அட்டை விலையில் கழிப்பார்கள். அட்டை விலை 150 என்றால் 13 இதழுக்கு 1,950 போக 450 தான் கையில் வரும். தள்ளுபடி விலையில் விற்றவர்கள் அதே விலையில்தான் கழிக்க வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், இதழின் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் சரி. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

ஆனால் 1,100 ரூபாயைவிட அந்த ரேக்தான் பெரிய சொத்து. இனி யாரும் அந்த இதழ்களை மறுபதிப்பு செய்யப்போவதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கம் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கீழ்த்தட்டைக் காலி செய்யுங்கள், ரேக்கைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே ஈரம் அடைபட்டுப் பூசணம் பூக்கும். பாச்சை உருண்டை இராமபாணப் பூச்சியை விரட்டும், பூசணத்தைத் தடுக்காது. நம் கடலோரக் காற்றில் ஸ்டேப்பிள் பின்கள் துருவேறி நடுப்பக்கங்களைத் தின்றுவிடும். அவற்றைப் பிரித்து எடுத்து, பருத்தி நூலால் தைத்துவிடுங்கள்.

பளபளப்புத் தாள் நனைந்தால் அடுக்கியபடியே காயவிடாதீர்கள். அதன் மேல்பூச்சு ஒட்டிக்கொண்டு மொத்தமும் கட்டியாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, இடையில் உறிஞ்சும் தாள் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். உடனே முடியாது என்றால் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரிக்கலாம்.

அடுத்தது ஸ்கேன். கட்டுரைகளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், போன் கேமராவும் போதும். பிசிபி (பாகங்களைப் பொருத்தும் செம்புத் தடப் பலகை) வரைபடத்துக்கு அது ஆகாது. பின்னைக் கழற்றிப் பக்கத்தைத் தட்டையாக ஸ்கேனரில் வைத்து, பின்புறம் கருப்புத் தாள் கொடுத்து, 600 டிபிஐயில் பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபிஜியில் தடங்களின் ஓரம் மங்கும். மீண்டும் அச்செடுக்கும்போது 'ஃபிட்' என்பதை விட்டு 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுங்கள். ஐசி (சிப்) கால்களின் இடைவெளி 2.54 மி.மீ. 40 கால் ஐசியில் முதல் காலிலிருந்து 20-வது கால்வரை 48.26 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 96 சதவீதமாகச் சுருங்கியிருந்தால் கிட்டத்தட்ட 2 மி.மீ. குறையும், ஐசி உட்காராது. 8 கால் ஐசியை வைத்துப் பார்த்தால் 0.3 மி.மீ. தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பலர் போர்டின் செம்பை அரித்து முடித்த பிறகு தவறைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒவ்வொரு புராஜெக்டோடும் அடுத்த இரண்டு மூன்று மாதத்து வாசகர் கடிதம், திருத்தம் பக்கங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ரெசிஸ்டர் மதிப்பு மாறிப்போனது, டயோடு திசை தப்பாக அச்சானது எல்லாம் அங்கேதான் இருக்கும். திருத்தம் சேராத சர்க்யூட்டை நம்பி ரிச்சி தெருவில் பாகம் வாங்கக் கிளம்பாதீர்கள். பழைய சர்க்யூட்டில் எஸ்எல்100 டிரான்சிஸ்டர் இருந்து, அதற்குப் பதில் பிடி139 போட்டால் கால் வரிசை மாறும். எஸ்எல்100-ல் நடுக்கால் பேஸ், பிடி139-ல் நடுக்கால் கலெக்டர்.

ஸ்கேன்களை உங்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இதழ் நின்றாலும் காப்புரிமை நிற்பதில்லை, வாட்ஸ்அப் குழுவில் முழு இதழையும் போடாதீர்கள். இடையில் விட்டுப்போன இதழ்களுக்கு சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் கேளுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் இதழ்களின் பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். இதழின் பெயர், மாதம், வருடம் மூன்றையும் எழுதி எடுத்துப்போனால் தேடித் தருவது அவர்களுக்கு எளிது.