கோட்டைக்குள் போகாமலே திரும்பியவனின் பதில்

கேள்வி: பெற்றோர் இரண்டு வாரம் அயர்லாந்துக்கு வருகிறார்கள்; ஒரே ஒரு கோட்டையைப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். எங்கே அழைத்துப் போகலாம்? உள்ளே விடாத கோட்டைக்குப் போய், வெறும் தோட்டத்துக்குக் கட்டணம் கொடுப்பது வீண் அல்லவா?

இந்தக் கேள்வியின் கடைசி வரிக்காகவே பதில் எழுதுகிறேன். "உள்ளே கூட விடவில்லையாமே, வாசலோடு திரும்பி வந்துவிட்டீர்களாமே" என்று என் அக்காள் கணவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் எந்த விசேஷத்தில் சந்தித்தாலும் அந்தப் பேச்சை எடுக்காமல் அவர் இலை முன் உட்காருவதில்லை. நாங்கள் போனது ஆஃபலி மாவட்டத்தில் உள்ள பிர் கோட்டைக்கு. உள்ளே போகவில்லை என்பது உண்மை. கட்டணம் வீணானது என்பது உண்மையில்லை.

நீங்களும் என்னைப் போல டப்ளினில் வேலையில் இருப்பவர், பெற்றோருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், அவர்களில் ஒருவருக்காவது முழங்கால் வலி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் முதலில் சொல்வது பிளார்னி கோட்டையைத்தான். பிளார்னியைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அங்கேயும் தோட்டம் பெரியது, அழகானது. ஆனால் முத்தமிட்டால் பேச்சுத்திறன் வரும் என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற கல், பதினைந்தாம் நூற்றாண்டுக் கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது. குறுகிய சுழற்படிகளில் ஏறி, மேலே போய் மல்லாந்து படுத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டுத்தான் அதை முத்தமிட வேண்டும். என் அப்பா எங்கள் வீட்டு மாடிப்படியையே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். அதனால் அதைக் கைவிட்டேன்.

அறை அறையாகப் பார்க்க வேண்டும், பழைய நாற்காலிகளையும் ஓவியங்களையும் காண வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், கில்கெனிக்குப் போங்கள். 1967இல் அதன் பரம்பரை உரிமையாளர் வெறும் ஐம்பது பவுண்டுக்கு ஊராரிடம் ஒப்படைத்த கோட்டை அது. இப்போது அரசின் பொறுப்பில் இருக்கிறது. பிர் கோட்டையில் நிலைமை வேறு. 1620 முதல் பார்சன்ஸ் குடும்பம் அங்கேயே வசிக்கிறது. ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்குள் கோடை மாதங்களில் மட்டும், அதுவும் வழிகாட்டியோடுதான், போக முடியும். நாங்கள் போனது அக்டோபரில். முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டியது நான். அந்தத் தவறு என்னுடையது, கோட்டையினுடையதல்ல.

டப்ளினிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில்தான் உள்ளே போக முடியாது என்பது தெரிந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா மழைக்கு இருண்டு கிடந்த வானத்தைப் பார்த்தார். "வந்தது வந்தாச்சு, நடப்போம்" என்றார் அவர்.

புல்வெளியைத் தாண்டியதும், கோட்டை மதில்களைப் போலவே கொத்தளம் வைத்துக் கட்டிய இரண்டு உயரமான சுவர்கள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் நடுவே, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய மரக்குழாய் ஒன்று, ஏறத்தாழ பதினாறு மீட்டர் நீளத்தில், சாய்வாகக் கிடக்கிறது. அம்மா அதைப் பார்த்து, "ஏதாவது பழைய தண்ணீர்த் தொட்டியா?" என்று கேட்டார். அது தொலைநோக்கி. மூன்றாம் ரோஸ் பிரபுவான வில்லியம் பார்சன்ஸ் 1845இல் கட்டி முடித்தது. அதன் ஆடி, அதாவது ஒளியைத் திரட்டும் குழிந்த முகம் கொண்ட தட்டு, ஆறடி விட்டம், ஏறக்குறைய மூன்று டன் எடை. 1917 வரை உலகில் இதைவிடப் பெரிய தொலைநோக்கி வேறெங்கும் கிடையாது. தமிழ்நாட்டின் காவலூரில் இருக்கும் நமது பெரிய தொலைநோக்கியின் ஆடி இதைவிட அரை மீட்டர்தான் அகலம் என்று சொன்னால், 1845இல் இது என்னவாக இருந்திருக்கும் என்பது விளங்கும். குழாய்க்குள் ஒரு திருச்சபைக் குரு விரித்த குடையோடு நடந்து போனதாக அக்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நேரில் பார்த்தபோது அதை நம்ப எனக்குச் சிரமமாக இல்லை.

கண்ணாடி ஆடி செய்யும் வசதி அந்த அளவுக்கு அன்று இல்லாததால், செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்த உலோக ஆடி அது. ஊர்ச் சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய, டர்ஃப் என்று அவர்கள் சொல்லும் கரிமண் கட்டியை எரித்துத்தான் உலை மூட்டினார்கள். வார்த்ததை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குளிரவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும், சில அப்படித்தான் போயின. ஈரக்காற்றில் உலோகம் சீக்கிரம் மங்கிவிடுவதால் இரண்டு ஆடிகள் செய்து, ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றதை மெருகேற்றி வைத்துக்கொண்டார்கள். சுவர்கள் வடக்கு தெற்காக நிற்பதால் குழாயை மேலும் கீழும் ஏற்றி இறக்கலாம், பக்கவாட்டில் கொஞ்சம்தான் திருப்பலாம். பார்க்க வேண்டியது தானாக நேரே வரும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் அது மேகம் விலகவே யோசிக்கும் ஊர். அப்படியிருந்தும் 1845 வசந்தத்தில், எம் 51 என்று குறிக்கப்படும் ஒளித்திட்டுக்குச் சுருள் வடிவம் இருப்பதை பிரபு இங்கிருந்து பார்த்து வரைந்தார். அது வேறொரு விண்மீன் மண்டலம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியானது.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று அம்மா கேட்டார். பெரும்பகுதி மனைவி மேரியின் பிறந்த வீட்டுச் சொத்து என்றேன். "அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே நடந்தார்.

இந்த இடத்தில் ஒருவர் நிச்சயம் குறுக்கிடுவார் என்பது தெரியும்: ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பறித்து அமர்ந்த ஆங்கிலக் குடும்பத்தைப் போய் மெச்சுகிறாயே என்று. ஓ'கேரல் குலத்தாரின் நிலம்தான் 1620இல் இவர்கள் கைக்கு வந்தது. அதை நான் மறைக்கவில்லை. தொலைநோக்கி தயாரான அதே 1845இல்தான் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. பிரபு வானத்தைப் பார்ப்பதை நிறுத்தி வைத்துவிட்டு நிவாரண வேலையில் இறங்கினார். கோட்டையைச் சுற்றியுள்ள அகழியும் சுவரும் ஊராருக்குக் கூலி கிடைப்பதற்காகவே அப்போது கட்டப்பட்டவை. இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தபடி நடந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இனி என் அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அனல் மின் நிலையத்தில், நீராவியின் வேகத்தில் சுழலும் டர்பைன் பிரிவில், மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். அந்த இரைச்சலில் ஒரு காது பாதி போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகும் நள்ளிரவில் ஊரில் மின்சாரம் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

பழைய குதிரை லாயத்தில் அறிவியல் காட்சிக்கூடம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டதால்தான் அதற்குள் நுழைந்தோம். பிரபுவின் மனைவி மேரி 1850களிலேயே எடுத்த புகைப்படங்களை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனால், அடுத்த பகுதியில் ஒரு பலகைக்கு முன்னால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முகம் பலகையில் முட்டும் அளவுக்குக் குனிந்து நின்றார். அதில் சார்லஸ் பார்சன்ஸ் என்ற பெயர் இருந்தது. தொலைநோக்கிப் பிரபுவின் கடைசி மகன். 1884இல் நீராவி டர்பைனைச் செய்து, அதை மின்னாக்கியோடு இணைத்து ஓட்டிக் காட்டியவர்.

"டிலாவல், கர்ட்டிஸ், பார்சன்ஸ் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். பார்சன்ஸ் என்பது டர்பைனில் ஒரு வகை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது ஒரு ஆள் என்று தோன்றவே இல்லை" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. காது கேளாதவர்களுக்கு உரிய சத்தத்தில்தான் எப்போதும் பேசுவார்.

பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, என் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டு விளக்கினார். நீராவியின் அழுத்தம் முழுவதையும் ஒரே இடத்தில் அது பாயும் வேகமாக மாற்றினால் சக்கரம் தாங்க முடியாத வேகத்தில் சுற்ற வேண்டிவரும். பார்சன்ஸ் செய்தது, அந்த அழுத்தத்தைப் பல படிகளாகப் பங்கு போட்டது. ஒரு வரிசை பிளேடு அசையாமல் நிற்கும், அடுத்த வரிசை சுற்றும், மறுபடி ஒரு நிற்கும் வரிசை, மறுபடி சுற்றும் வரிசை, ஒவ்வொன்றிலும் நீராவி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும். அந்த முதல் இயந்திரமே நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று சுற்றியது. "நாங்கள் ஓட்டியது மூவாயிரம்" என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார்.

சார்லஸ் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. வீட்டிலேயே ஆசிரியர்களிடம் படித்து, தன் அப்பாவின் பட்டறையிலும் உலையிலும் வளர்ந்தவர். அதே வீட்டுப் பிள்ளைகள் செய்த நீராவி வண்டியில் போனபோதுதான், 1869 ஆகஸ்ட் 31 அன்று, உறவுக்காரப் பெண்மணி மேரி வார்டு இந்த ஊர்த் தெரு முனையில் தவறி விழுந்து, சக்கரத்தில் சிக்கி இறந்தார். பூச்சிச் சிறகு முதலியவற்றை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து புத்தகம் எழுதியவர். மோட்டார் வாகன விபத்தில் இறந்த முதல் ஆள் என்று இன்று அவர் பெயரைச் சொல்கிறார்கள். அப்போது சார்லஸுக்கு வயது பதினைந்து. இதைப் படித்ததும் அம்மா, "பாவம், அந்தப் பையன்கள்" என்றார். இறந்தவரைவிட ஓட்டியவர்களை நினைத்து அவர் வருந்தியது எனக்கு அப்போது விநோதமாகத் தோன்றியது, இப்போது தோன்றவில்லை.

மழை விட்டபின் தோட்டம். அதற்குத்தானே கட்டணம் என்று கேட்டீர்கள். கோட்டை வளாகம் மட்டும் ஐம்பது ஹெக்டேர் அளவில் இருக்கும். ஆறு, ஏரி, ஆற்றின் குறுக்கே 1820 வாக்கில் கட்டிய சிறிய தொங்கு பாலம், பெரணிகள் அடர்ந்த ஒரு பள்ளம் என்று நடந்துகொண்டே இருக்கலாம். எல்லாவற்றையும் நான் வர்ணிக்கப் போவதில்லை. முந்நூறு ஆண்டு வயதான பாக்ஸ் செடி வேலிகளை மட்டும் தவறவிடாதீர்கள். நம்மூர்ப் பூங்காக்களில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடும் குரோட்டன்ஸ் வேலியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். இவை பத்து மீட்டருக்கு மேல் எழுந்து, நடுவே ஓர் ஆள் போகும் இடைவெளி விட்டு நிற்கின்றன. உலகிலேயே உயரமானவை என்று கின்னஸில் பதிவானவை. மழை நனைத்த இலையில் லேசான, பூனை மூத்திரம் போன்ற ஒரு வாடை வரும். அது அந்தச் செடியின் இயல்பு, துப்புரவுக் குறைவு அல்ல. அம்மா அண்ணாந்து பார்த்து, "இதை யார் ஏறி வெட்டுகிறார்கள்? ஏணி எட்டுமா?" என்று கேட்டார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்து, தூக்கி இயந்திரம் ஒன்றைக் கையால் அபிநயம் பிடித்துக் காட்டினார். அம்மாவுக்கு அன்றைய தினத்தின் நிறைவு அதுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது அப்பா மறுபடியும் தொலைநோக்கிக்குப் போக வேண்டும் என்றார். குழாயைப் பார்க்க அல்ல. அதை ஏற்றி இறக்கும் சங்கிலியையும் எடைக்கட்டுகளையும் பார்க்க. இப்போது இருப்பது 1990களில் சீரமைத்தது, பழைய ஆடி ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. இருட்டும்வரை நின்று பார்த்தார்.

ஆகவே, என் பெற்றோருக்குப் பிடித்தது உங்கள் பெற்றோருக்கும் பிடிக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அரண்மனை அறைகளும் வெள்ளிப் பாத்திரங்களும்தான் கோட்டை என்று நினைப்பவர்களை இங்கே அழைத்து வந்தால் என் அக்காள் கணவரைப் போலத்தான் பேசுவார்கள். மற்றவர்கள் என்றால் பிர்ருக்கு வாருங்கள். வீட்டுக்குள்ளும் போக வேண்டும் என்றால், வழிகாட்டிச் சுற்று நடக்கும் நாட்களை முதலிலேயே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் வழுக்காத செருப்பு போடச் சொல்லுங்கள், ஆளுக்கொரு குடை எடுங்கள், தோட்டத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். லாயத்துக் காட்சிக்கூடத்துக்கு மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.