பதவியில் நீடிக்காத கோசிமோ ஃபுளோரன்சை ஆண்டது எப்படி?

வணக்கம். கோசிமோ தெ மெதிச்சி எந்தப் பதவியிலும் நிலையாக இருக்கவில்லையே, அவரை இத்தாலிய நகரக் குடியரசான ஃபுளோரன்சின் ஆட்சியாளர் என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம்; காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் குடியரசின் உயர்மன்றத்தினர் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, பைகளில் இடப்பட்ட பெயர்ச்சீட்டுகளிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1433இல் கைதாகி, நாடு கடத்தப்பட்டு, மறு ஆண்டே வெற்றியுடன் திரும்பிய இந்த வங்கி வணிகர், அப்பைகளுக்குள் யார் யார் பெயர் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரிகளாகத் தம் ஆதரவாளர்களே அமரும்படி பார்த்துக்கொண்டார்; அவரிடம் கடன்பட்டவர்களும் பலர். என் பார்வையில், உங்கள் கட்டுரையின் உயிர்நாடி இந்தப் பைகள்தான். இன்னொன்று, 1537இல் டியூக் ஆன முதலாம் கோசிமோ வேறொருவர். நீங்கள் எழுதும் கோசிமோ 1464இலேயே காலமாகிவிட்டார்.