இறுவட்டு இல்லாமலே கமராவைக் கணினியிலிருந்து இயக்குவது எப்படி?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்துகிறேன். கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுக்க வருபவர்களே அதிகம். பாவித்த கெனன் ஈஓஎஸ் 600டி கமரா ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதனுடன் பெட்டியோ இறுவட்டோ கிடைக்கவில்லை. என் மடிக்கணினி விண்டோஸ் 11 உள்ளது. அதில் இறுவட்டுப் போடும் வசதியும் இல்லை. இணையத்தில் எடுத்த ஒரு கோப்பை இயக்கிப் பார்த்தேன், ஏற்கெனவே மென்பொருள் நிறுவப்பட்டிருக்கவில்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது. கணினித் திரையைப் பார்த்தபடியே படம் எடுக்க வழி உண்டா, ஐயா?

பதில்: வழி உண்டு, அதற்கு இறுவட்டு தேவையே இல்லை. உங்கள் கமரா 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பெட்டியில் வைக்கப்பட்ட இறுவட்டிலுள்ள, கமராவைக் கணினியிலிருந்து இயக்க உதவும் ஈஓஎஸ் யூட்டிலிட்டி மென்பொருளும் அக்காலத்துப் பதிப்பே என்பதால், அது கையில் இருந்திருந்தாலும் இன்றைய கணினிக்காகப் புதிய பதிப்பை நீங்கள் தேடியே இருக்க வேண்டும். ஆகவே இறுவட்டைத் தேடியலைவதையோ, தெரிந்தவர் ஒருவரின் இறுவட்டைப் பென் டிரைவில் பிரதி எடுப்பதையோ நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் இயக்கிய கோப்பு நின்றுபோனதற்கான காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். கெனன் நிறுவனம் பல ஆண்டுகளாக முழு மென்பொருளை இறுவட்டில் மட்டும் கொடுத்துவிட்டு, இணையத்தில் அதைப் புதுப்பிக்கும் கோப்பை மட்டுமே வைத்திருந்தது. அந்தக் கோப்பு, பழைய பதிப்பு கணினியில் இருக்கிறதா என்று விண்டோஸ் தன் அமைப்பு விபரங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) தேடிப் பார்க்கும். இல்லையென்றால் அத்துடன் நின்றுவிடும். பதிவேட்டில் கையால் சில வரிகளை எழுதி அந்தச் சோதனையை ஏமாற்றும் உபாயம் ஒன்று இன்றும் பலரால் சொல்லப்படுகிறது. வேறு வழி இல்லாத காலத்தில் உருவான அந்த உபாயம் இப்போது உங்களுக்கு அவசியமில்லை. பதிவேட்டில் தவறான இடத்தில் கை வைத்தால், தொழிலுக்கு வைத்திருக்கும் கணினியே பழுதாகக்கூடும்.

இப்போது கெனனின் உத்தியோகபூர்வ இணையத்தளத்திலேயே முழு மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே உங்கள் கமராவின் பெயரைத் தேடி, அதன் பக்கத்திலுள்ள மென்பொருள் பகுதியில் விண்டோஸ் 11ஐத் தெரிவு செய்து, ஈஓஎஸ் யூட்டிலிட்டியைத் தரவிறக்க முயலும்போது கமராவின் தொடரிலக்கத்தைக் கேட்பார்கள். நீங்கள் ஒரு கெனன் கமராவை வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு, இறுவட்டுக்குப் பதிலாக, அத்தாட்சியாவது அந்த இலக்கமே. அதைக் கொடுக்க நீங்கள் முதல் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. கமராவின் அடிப்பக்கத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும். லென்ஸின் இலக்கத்தையோ பற்றரியின் இலக்கத்தையோ எழுதி, ஏற்கவில்லை என்று தவிப்பவர்கள் பலர் என்பதால் இதைக் கவனமாகப் பாருங்கள்.

பாவித்த கமராக்களில் அந்த எழுத்துகள் தேய்ந்து போயிருப்பதும் உண்டு. அப்படியானால் அந்தக் கமராவால் ஒரு படம் எடுத்து, நினைவக அட்டையிலிருந்து நேரடியாகக் கணினிக்கு மாற்றி, அந்தக் கோப்பின் பண்புகளில் விபரங்கள் என்ற பகுதியைத் திறந்தால், கமராவின் தொடரிலக்கம் அங்கே பதிவாகியிருப்பதைக் காணலாம். வட்ஸ்அப் வழியாக அனுப்பிப் பெற்ற படத்தில் இந்த விபரங்கள் நீங்கிவிடும். எனவே மூலக் கோப்பையே பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இலங்கையில் விற்கப்படும் பாவித்த கமராக்களில் ஜப்பானிலிருந்து வருபவையும் உண்டு. 600டி கமரா அங்கே கிஸ் எக்ஸ்5 என்ற பெயரிலும், அமெரிக்காவில் ரெபெல் டி3ஐ என்ற பெயரிலும் விற்கப்பட்டது. மூன்றும் ஒரே கமராதான் என்பதால், உங்களுடையதில் வேறு பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் குழம்ப வேண்டாம். ஒரு நாட்டுக்குரிய பக்கத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் மற்றப் பெயரால் தேடுங்கள்.

கெனனின் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் இந்த மென்பொருளை எடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். தேடுபொறியில் முதலில் வரும் தரவிறக்கத் தளங்களில் பல, கேட்காத வேறு மென்பொருட்களையும் சேர்த்தே நிறுவிவிடும். உங்கள் கணினியிலோ வாடிக்கையாளர்களின் முகப்படங்களும் அடையாள விபரங்களும் இருக்கின்றன. இலவசமாகவும் பாதுகாப்பாகவும் கிடைக்கும் ஒன்றுக்காக அவற்றை ஆபத்தில் விடுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

தரவிறக்கிய கோப்பு சுருக்கப்பட்டதாக இருக்கும். அதை முழுமையாக விரித்தெடுத்த பின்னரே உள்ளேயிருக்கும் நிறுவற் கோப்பை இயக்குங்கள். நிறுவி முடித்துக் கணினியை மறுபடி தொடக்கும் வரை கமராவைச் செருக வேண்டாம். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் விண்டோஸ் ‘எஸ் மோட்’ எனும் நிலையில் வரும். அந்நிலையில் மைக்ரோசொப்ட் ஸ்டோருக்கு வெளியேயுள்ள எந்த மென்பொருளையும் நிறுவ இயலாது. அமைப்புகளில் அதிலிருந்து இலவசமாக வெளியேறலாம், ஆனால் திரும்ப அந்நிலைக்குப் போக முடியாது. கமராவுக்கென்று தனியான டிரைவர் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் அதைத் தானாகவே இனங்காணும்.

நிறுவிய பின் யூட்டிலிட்டி 2, யூட்டிலிட்டி 3 என்று இரண்டு பெயர்களைக் கண்டால் தவறு நேர்ந்ததாக எண்ணாதீர்கள். 600டி போன்ற பழைய கமராக்களை இயக்குவது இரண்டாவது பதிப்பு. இணைக்கப்பட்ட கமராவைப் பார்த்து உரிய பதிப்பைத் திறக்கும் வேலையை அதனுடன் வரும் தொடக்கி செய்துகொள்ளும்.

இனிச் சொல்லப்போவதில்தான் பெரும்பாலானோர் இடறுகிறார்கள். மென்பொருள் சரியாக நிறுவப்பட்டிருந்தும் கமரா இணையவில்லை என்றால், பத்துக்கு ஒன்பது வேளை கேபிளையே நான் சந்தேகிப்பேன். 600டிக்கு வேண்டியது மினி பி வகை யூ.எஸ்.பி கேபிள், கைபேசிகளின் மைக்ரோ கேபிள் இதில் பொருந்தாது. மின்னேற்ற மட்டுமே பயன்படும் மலிவான கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. ஸ்டூடியோவில் கமரா மேசையிலிருந்து தள்ளி நிற்கும் என்பதால் நீளமான கேபிளை வாங்கத் தோன்றும், யூ.எஸ்.பி 2.0 கேபிளுக்கு வகுக்கப்பட்ட எல்லை 5 மீற்றர், அதற்கு உட்பட்டே வாங்குங்கள். கேபிளைக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். பல துளைகள் கொண்ட யூ.எஸ்.பி ஹப்பினூடாக வேண்டாம். திருகோணமலையின் உப்புக் காற்றில் உலோக முனைகள் விரைவில் கறுத்துப்போகும். ஆகவே வேலை முடிந்ததும் கமராவின் பக்கவாட்டு இறப்பர் மூடியை மூடி, கமராவைச் சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.

அடுத்து, கமராவின் மெனுவில் தானாக அணையும் நேரத்தை நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் வாடிக்கையாளர் தலைவாரிக்கொண்டு வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். நேரடிக் காட்சியைக் கணினித் திரையில் வைத்திருந்தால் எல்பி-ஈ8 பற்றரி வேகமாகத் தீரும் என்பதால், நாள் முழுவதும் வேலை செய்பவர் ஏசிகே-ஈ8 எனும் மின் இணைப்புத் தொகுதியை வாங்குவது தகும். லைட்ரூம், விண்டோஸின் போட்டோஸ் போன்ற பட மென்பொருட்கள் திறந்திருந்தால் அவை கமராவைத் தாமே பிடித்துக்கொள்ளக்கூடும். அவற்றை மூடிவிட்டுத் தொடங்குங்கள். (பிற்காலத்தில் 1300டி போன்ற வைபை உள்ள கமராவுக்கு மாறினால், வைபை இயங்கும்போது கேபிள் இணைப்பு வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.)

படங்கள் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்ற தெரிவில், கணினியும் நினைவக அட்டையும் என்ற இரண்டையும் சேர்த்தே தெரிவு செய்யுங்கள். கேபிள் நழுவினாலும் படம் அட்டையில் இருக்கும். கடவுச்சீட்டுப் படங்களுக்கு ரோ கோப்பு, அதாவது கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு, வேண்டியதில்லை. இந்தக் கமராவின் ரோ கோப்பு ஒன்று ஏறத்தாழ 24.5 மெகாபைட், பெரிய ஜேபெக் கோப்போ ஏறத்தாழ 6.4 மெகாபைட். ஜேபெக் விரைவாக வந்து சேரும். துவாரம், ஷட்டர், ஐஎஸ்ஓ ஆகியவற்றைக் கணினியிலிருந்தே மாற்றலாம். மோட் டயலை மட்டும் கமராவிலேயே கையால் எம் (மனுவல்) நிலைக்குத் திருப்பி வையுங்கள். ஒளி மாறாத ஸ்டூடியோவில் அந்த நிலையே எல்லாப் படங்களுக்கும் ஒரே வெளிச்சத்தைத் தரும்.

ஸ்டூடியோவில் ஆப்பிள் கணினியும் இருந்தால் ஓர் எச்சரிக்கை: 2019இல் வந்த மக்ஓஎஸ் 10.15 முதல் 32 பிட் மென்பொருட்கள் இயங்குவதில்லை, ஆகவே இந்தக் கமராவின் இறுவட்டில் வந்த பழைய பதிப்பு அதில் திறக்காது. உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிக்கு ஜிபோட்டோ2, என்டாங்கிள் ஆகிய இலவச மென்பொருட்கள் உள்ளன. விண்டோஸில் கெனனின் மென்பொருள் எக்காரணத்தாலோ ஒத்துவராவிட்டால் டிஜிகாம்கன்ட்ரோல் என்ற திறந்த மூல மென்பொருளை முயலலாம்.

உங்களைப் போலவே பாவித்த கமரா வாங்க நினைக்கும் மற்ற ஸ்டூடியோக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நிக்கொன் நிறுவனம் கமரா கன்ட்ரோல் புரோ 2 என்ற மென்பொருளைத் தனியாக விலைக்கே விற்றது. 2021இல் வந்த என்எக்ஸ் டெதர் இலவசமானது, ஆயினும் எல்லா நிக்கொன் கமராக்களும் அதில் அடங்கா. சோனியில் மென்பொருள் இலவசம், கமராவின் யூ.எஸ்.பி இணைப்புத் தெரிவைக் கணினி இயக்கத்துக்கு மாற்றினாலே அது வேலை செய்யும். எந்த நிறுவனமாயினும், மென்பொருளின் பக்கத்தில் கமராவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

எல்லாம் இயங்கத் தொடங்கியதும், தரவிறக்கிய மூலக் கோப்பை அழித்துவிடாமல் ஒரு பென் டிரைவிலும் இன்னொரு கணினியிலும் பிரதி எடுத்து, கமராவின் தொடரிலக்கத்தை எழுதிய குறிப்பையும் அதே கோப்புறையில் வையுங்கள். இத்தனை ஆண்டு பழைய மொடலுக்கான பக்கத்தை நிறுவனம் என்றும் பேணும் என்று நம்பியிருக்க முடியாது. கணினி பழுதாகி விண்டோஸை மறுபடி நிறுவ நேர்ந்தால், அந்தப் பிரதியிலிருந்தே அன்றைய வேலையைத் தொடரலாம்.