மறு ஒளிபரப்பு பார்க்கும் அம்மா

கேள்வி: மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி எட்டரைக்கு வீட்டில் காமெடி சீரியல் ஓடும். கையில் டம்ளர் நிறைய காபி, அடுத்த ஷாட்டில் பாதி, மறுபடி நிறைந்துவிடும். ஒரே நாளில் நடக்கிற கதையில் காலையில் ஆறு கரைபுரள்கிறது, சாயங்காலம் வெறும் மணல். உடனே ரிமோட்டில் நிறுத்திக் காட்டுவேன். பழைய அமெரிக்கத் தொடர்கள் வரை நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். என் மனைவி தினமும் சண்டைக்கு வருகிறாள். அம்மாவால் பிரச்சினை இல்லை, மறுநாள் மத்தியானம் மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்கிறார்கள். இதுவும் ஒரு ரசனை என்று மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: மனைவியை விடுங்கள் தம்பி. சண்டை போடுகிறவளுக்கு இன்னும் உங்களோடு உட்கார ஆசை இருக்கிறது. அம்மா கதையைச் சொல்லுங்கள். எட்டரைக்கு வருகிற சீரியலை அவர் ஏன் மறுநாள் மத்தியானம் பார்க்கிறார்? அந்நேரம் நீங்கள் கடையில் இருப்பீர்கள், அதனால்தான். சரி, எட்டரையிலிருந்து ஒன்பது வரை எங்கே இருக்கிறார்? திண்ணையில் கொசு விரட்டிக்கொண்டா? கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டா? கூடத்தில் அவர் உட்காரும் இடம் எத்தனை நாளாகக் காலி? அது உங்கள் நோட்டில் இருக்கிறதா?

காபி விஷயம் இவ்வளவுதான். ஒரே காட்சியைப் பல தடவை எடுப்பார்கள். எந்த டேக்கில் முகம் நன்றாக விழுந்ததோ, எதில் வசனம் சரியான நேரத்தில் வந்ததோ, அதைத்தான் எடிட்டர் எடுத்து ஒட்டுவார். இந்த மாதிரி மாற்றங்களைக் குறித்துவைக்கவே ஷூட்டிங்கில் ஒருவர் இருப்பார். பல சமயம் தெரிந்தேதான் விடுகிறார்கள், பார்க்கிறவர் சிரித்தால் போதும் என்று. நீங்கள் ரிமோட்டை அழுத்தி நிறுத்துவது அந்தச் சிரிப்பைத்தான். இதற்குப் பெயர் ரசனை இல்லை, கணக்குப்பிள்ளை வேலை.

ஆற்று விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம்தான் நான். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்று நம் பக்கத்துப் பொடிசுகளுக்கும் தெரியும். எனக்கே சிரிப்பு வந்தது. சீரியல் முடிந்தபிறகு சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருந்தால் உங்கள் அம்மாவும் சிரித்திருப்பார்.

அமெரிக்கத் தொடர்களையும் குறித்திருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியானால் 1974-ல் தொடங்கிய 'ஹேப்பி டேஸ்' அதில் கட்டாயம் இருக்கும். மூத்த மகன் சக் இரண்டாவது சீசனோடு காணாமல் போனான், வீட்டில் ஒருவரும் அவனைத் தேடவில்லை. 1984-ல் தொடர் முடிகிறபோது அந்த அப்பா, தமக்கு இரண்டே பிள்ளைகள் என்பதுபோலப் பேசுகிறார். பெற்றவர் பிள்ளையை மறந்ததைப் பிழை என்று எழுதுகிறவர், பெற்றவளை மத்தியானத்துக்குத் தள்ளியதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? 'பிரச்சினை இல்லை' என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்!

நான் பழைய ஆள். அம்மாவுக்கு வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்தால் மகன் கடமை தீர்ந்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வயதானவர்கள் பிள்ளைகளுக்கு நடுவில், கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். மத்தியானத்தில் தனியாகச் சிரிப்பதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இன்று ராத்திரி ரிமோட்டை அம்மா கையில் கொடுங்கள். நோட்டு எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் வாயைத் திறக்காமல் எழுதுங்கள். முதல் இரண்டு நாள், "எனக்கு வேலை கிடக்குப்பா, நீங்க பாருங்க" என்பார். நம்பாதீர்கள். மறுபடி கூப்பிடுங்கள்.